ஜானகி அம்மா: தோட்டைக் கழற்றிய நாளும் அதற்குப் பின் எழுபது ஆண்டும்

டத்தாரான் மெர்டேக்காவைத் தெரியாத இளைஞர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்க முடியாது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம்ம நாட்டுக் கொடி ஏறிய திடல் அது. பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருப்போம். அந்தத் திடலுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்னால், அது வெறும் சிலாங்கூர் படாங்காக இருந்த காலத்தில், கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் அங்கே கூட்டத்தோடு கூட்டமாக நின்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்டார். இந்திய விடுதலைக்கு முடிந்ததைக் கொடுங்கள் என்று அவர் கேட்டபோது, காதில் கிடந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயசு 18. பெயர் ஜானகி தேவர்.

பிற்காலத்தில் புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடு அறிந்தவர் இவர்தான். 1925 பிப்ரவரி 25இல் பிறந்து, 2014 மே 9இல் தம் வீட்டிலேயே மறைந்தார். 89 ஆண்டு வாழ்வு.

அவரைப் பற்றி யார் பேசினாலும் அந்தத் தோட்டுக் கதையில் தொடங்கி, ஜான்சி ராணிப் படையில் முடித்துவிடுவது வழக்கம். மேடையில் சொல்ல நல்ல கதைதான், கைத்தட்டலும் வரும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. அவர் ராணுவச் சீருடையில் இருந்தது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. சீருடையைக் கழற்றிய பிறகு வாழ்ந்தது ஏறக்குறைய 69 ஆண்டு. அந்த 69 ஆண்டை விட்டுவிட்டு ஜானகி அம்மாவைப் புரிந்துகொள்ள முடியாது. இளைஞர்களான நமக்கு அதிகம் பயன்படக்கூடியதும் அந்தப் பகுதிதான்.

வசதியான வீட்டுப் பிள்ளை

ஜானகி வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்து மலாயாத் தமிழர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தார்கள். விடிவதற்குள் பிரட்டுக்குப் போய், பால் மரம் சீவி, கங்காணியின் குரலுக்கு ஓடிய வாழ்க்கை அது. ஜானகியின் வீட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. அவர் தோட்டைக் கழற்றிக் கொடுத்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இல்லாதவர் கொடுப்பது ஒரு வகை. எல்லாம் இருந்தும், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று யோசிக்காமல் கொடுப்பது இன்னொரு வகை.

நகையைக் கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. பெண்களுக்கென்று ஒரு படை அமைக்கப்படும் என்று நேதாஜி அறிவித்திருந்தார். 1857 கிளர்ச்சியில் வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டு 1858இல் உயிர் துறந்த ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அந்தப் படையில் சேர வேண்டும் என்று ஜானகி உறுதியாக நின்றார். வீட்டில் பெரிய எதிர்ப்பு. முக்கியமாக அப்பா சம்மதிக்கவே இல்லை. கல்யாண வயசில் இருக்கும் பெண் பிள்ளை, துப்பாக்கி தூக்கி, தெரியாத ஊரில், யார் யாரோடோ தங்குவதா என்று எந்த அப்பாவும் அன்றைக்குக் கேட்டிருப்பார். இன்றைக்கும் கேட்பார். ஜானகி ஓடிப்போகவில்லை, கோபித்துக்கொண்டு ஒதுங்கவும் இல்லை. விடாமல் பேசினார். கடைசியில் அப்பா இறங்கி வந்தார்.

இதை வாசிக்கும் தங்கைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. அவர் வாழ்க்கையில் வென்ற முதல் போர் பர்மாவில் நடந்தது இல்லை. வீட்டுக்குள்ளே நடந்தது. ஆயுதம், விடாப்பிடியான பொறுமை.

முகாமில் ஒரே அடுப்பு

1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். மறுநாள் சிங்கப்பூரிலேயே ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. படைக்குத் தலைமை டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். 1914இல் சென்னையில் பிறந்து மருத்துவம் படித்து, 1940இல் சிங்கப்பூருக்கு வந்தவர். கேப்டன் லட்சுமி என்று நம்ம தாத்தா பாட்டிகள் சொல்வது இவரைத்தான்.

முகாமுக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயாவின் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணைக் கண்ணாலும் பார்க்காத பலர் அவர்களில் இருந்தார்கள். படையின் மொத்த எண்ணிக்கையைச் சில நூறு என்று சொல்லும் ஆய்வாளரும் உண்டு, ஆயிரம் என்று சொல்பவரும் உண்டு. எண்ணிக்கை எதுவானாலும், பால்வாளி தூக்கிய கையில் துப்பாக்கி ஏறியது என்பது உண்மை.

வசதியில் வளர்ந்த ஜானகிக்கு முகாம் வாழ்க்கை ஆரம்பத்தில் ஒத்துவரவே இல்லை. சாப்பாடு, படுக்கை, விடியற்காலைப் பயிற்சி, கட்டளைக்குக் கட்டுப்படுவது எல்லாமே புதுசு. இந்திய தேசிய ராணுவத்தின் பொது மொழி இந்துஸ்தானி. அதை ரோமன் எழுத்தில் எழுதிப் படிக்க வைத்தார்கள். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் அணிவகுப்புக் கட்டளையிலிருந்து எல்லாவற்றையும் அந்த மொழியில் பழக வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் என்ற பிரிவோ, இன்ன சாதி என்ற பிரிவோ இல்லாமல் ஒரே சமையல், ஒரே பந்தி. 1943இல் இது சாதாரண விஷயம் இல்லை. பல குடும்பங்களில் யார் கையால் தண்ணி வாங்கிக் குடிக்கலாம் என்பதற்கே கட்டுப்பாடு இருந்த காலம். வசதியான வீட்டு ஜானகியும், தோட்டத்து லயத்துப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட்டார்கள். சமத்துவத்தைப் பற்றி நாம் இன்றைக்குக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அவர்கள் தட்டை நீட்டியே அதைச் செய்தார்கள்.

ஆரம்பத்தில் திணறிய ஜானகி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். அதிகாரியானார். படையின் இரண்டாம் நிலைத் தலைவர் என்ற பொறுப்பு வரைக்கும் உயர்ந்தார். வீட்டில் ஒரு வேலைக்காரருக்கு மேல் யாருக்கும் உத்தரவிட்டிருக்காத வயசில், தன்னைவிட மூத்த பெண்களையும் சேர்த்து வழிநடத்தும் பொறுப்பு.

அதே அக்டோபரில் இன்னொன்று

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழ்ப் பாட்டாகிவிடும்.

நேதாஜியின் படை ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்த படை. அதே ஜப்பானியர்தான் மலாயாவின் தோட்டங்களிலிருந்து நம்ம தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரம் ஆயிரமாகச் சயாமுக்கு ரயில் ஏற்றினார்கள். சயாம் மரண ரயில் பாதை. பர்மாவுக்கும் சயாமுக்கும் நடுவே 415 கிலோமீட்டர். காட்டை வெட்டி, மலையைக் குடைந்து, காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்து விழுந்து போட்ட பாதை. அந்தப் பாதை முடிந்ததும் 1943 அக்டோபரில்தான். சிங்கப்பூரில் நம்ம பெண்கள் விடுதலைக்காகப் பயிற்சியைத் தொடங்கிய அதே மாதத்தில், சயாம் காட்டில் நம்ம ஆண்கள் ஆயிரக்கணக்கில் மண்ணுக்குள் போயிருந்தார்கள். ஒரே தோட்டத்திலிருந்து மகள் படைக்கும் அப்பா ரயில் பாதைக்கும் போயிருக்கக்கூடிய காலம் அது.

இதை வைத்து ராணிப் படைப் பெண்களைக் குறை சொல்வது நியாயம் இல்லை. வெள்ளையன் ஆண்ட தோட்டத்தில் அடிமை போல வாழ்ந்தவர்களுக்கு, இந்தியா விடுதலை அடைந்தால் நமக்கும் ஒரு மரியாதை வரும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே வாசல் அது. ஆனாலும் இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கணும். ஜானகி அம்மாவின் பிற்கால வாழ்க்கையின் எடை அப்போதுதான் தெரியும்.

ரங்கூனிலிருந்து நடை

1944இல் ராணிப் படையின் ஒரு பகுதி பர்மாவுக்குப் போனது. ரங்கூனிலும் மேமியோவிலும் முகாம்கள். இம்பால் நோக்கிப் போன படையெடுப்பு அந்த ஆண்டின் நடுவிலேயே தோல்வியில் முடிந்தது. மழை, பசி, நோய் மூன்றும் சேர்ந்து படையை உருக்குலைத்தன. முன்னணிப் போர்முனைக்குப் போகக் காத்திருந்த பெண்களுக்குக் கிடைத்த வேலை, அங்கிருந்து திரும்பி வந்த காயக்காரர்களையும் நோயாளிகளையும் கவனிப்பது. கனவு கண்டது ஒன்று, கைக்கு வந்தது வேறு. வந்த வேலையைச் செய்தார்கள்.

1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கியது. பெண்கள் பத்திரமாகக் கிளம்பாமல் தான் கிளம்ப முடியாது என்று நேதாஜி நின்றார். ஏப்ரல் 24 இரவு, மலாயாப் பெண்களோடு அவரும் புறப்பட்டார். டாக்டர் லட்சுமி அப்போது அந்தக் குழுவில் இல்லை. பர்மாவிலேயே இருந்து, பிறகு பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். பின்வாங்கிய பெண்களை வழிநடத்தும் பொறுப்பு ஜானகியின் தலையில் விழுந்தது. அப்போதுதான் அவருக்கு இருபது வயசு முடிந்திருந்தது.

பகலில் விமானங்கள் குண்டு போடும் என்பதால் மரத்தடிகளில் பதுங்கல், இரவில் பயணம். கொஞ்ச தூரம் லாரி, பிறகு லாரியும் இல்லை. சேறு, ஆறு, கால்நடை. சித்தாங் ஆற்றைக் கடந்து மௌல்மீன் வரைக்கும் போய், அங்கிருந்து பாங்காக். ஏறக்குறைய மூன்று வாரம். நேதாஜியும் பெண்களோடு நடந்தே வந்தார். முன்னதாக வேறு குழுவாக ரயிலில் போன பெண்களைக் கொரில்லாப் படையினர் தாக்கியதில் ஸ்டெல்லா, ஜோஸபின் என்ற இரண்டு பேர் உயிரிழந்தார்கள். கோயில் பூசையில் ராணிப் படையை நினைக்கிறவர்கள் இந்த இரண்டு பெயரையும் சேர்த்தே நினைக்கலாம்.

மௌல்மீன் பக்கத்திலிருந்து பாங்காக்குக்குப் போகும் ரயில் பாதை எது தெரியுமா? மேலே சொன்ன அதே சயாம் மரண ரயில் பாதைதான். எந்தப் பாதையைப் போட்டு நம்ம ஆட்கள் செத்தார்களோ, அந்தப் பாதை வழியாகத்தான் நம்ம பெண்கள் உயிரோடு வீடு நோக்கித் திரும்பினார்கள்.

சீருடையைக் கழற்றிய பிறகு

1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 18இல், தைவானில் நடந்த விமான விபத்தில் நேதாஜி மறைந்தார் என்ற செய்தி வந்தது. நம்பிய தலைவர் இல்லை. படை கலைந்தது. வெள்ளையன் திரும்பவும் ஆட்சிக்கு வந்துவிட்டான். இருபது வயசுப் பெண் ஒருத்திக்கு, வீட்டில் உட்கார்ந்து பழைய கதையைச் சொல்லிக்கொண்டே மிச்ச வாழ்நாளைக் கழிக்க எல்லாக் காரணமும் இருந்தது.

ஜானகி அப்படி உட்காரவில்லை. இங்கேதான் அவருடைய பெரிய வாழ்க்கை தொடங்குகிறது.

போர் முடிந்த மலாயாவில் தோட்டத்து மக்களின் நிலையை இன்றைக்கு நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உடம்பு வற்றிப்போனவர்கள். சயாமிலிருந்து புண்ணும் காய்ச்சலுமாகத் திரும்பியவர்கள். திரும்பாதவர்களின் மனைவிகள், பிள்ளைகள். மருந்து இல்லை, டாக்டர் இல்லை. 1946 மார்ச் மாதம் ஜவஹர்லால் நேரு மலாயாவுக்கு வந்து நிலைமையைக் கண்டார். அந்த ஆண்டில் இந்தியத் தேசிய காங்கிரஸ் ஒரு மருத்துவக் குழுவை இங்கே அனுப்பியது. அதில் ஜானகி சேர்ந்துகொண்டார்.

பர்மாவில் படை வீரர்களின் காயத்தைக் கவனித்த படை, அதில் வளர்ந்த பெண். இப்போது சொந்த நாட்டில் சொந்த மக்களின் நோயைப் பார்க்கும் பணியில் இறங்கினார். ஜப்பான்காரன் கூட்டாளியாக இருந்த படையிலிருந்து வந்தவர், அந்த ஜப்பான்காரன் சீரழித்த மக்களுக்குத் தொண்டு செய்யப் போனார். அவர் மனசில் என்ன ஓடியது என்று நாம் கற்பனை செய்ய வேண்டாம். செய்த வேலை கண்முன்னால் இருக்கிறது, அது போதும். கொடி பிடித்து அணிவகுத்தால் பத்திரிகையில் படம் வரும். சீழ் பிடித்த புண்ணைக் கழுவினால் யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

நம்ம நாடு எது?

1946 இன்னொரு வகையிலும் முக்கியமான ஆண்டு. ஏப்ரலில் மலாயன் யூனியன் வந்தது. மே மாதம் அம்னோ பிறந்தது. இந்த நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. இந்தியர்கள் எங்கே நிற்பது? இந்தியாவைப் பார்த்தபடியே இருப்பதா, இந்த மண்ணில் காலை ஊன்றுவதா?

அந்த ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ், அதாவது ம.இ.கா., தொடங்கப்பட்டது. நேதாஜியின் இயக்கத்தில் பணியாற்றிய வழக்கறிஞர் ஜான் திவி முதல் தலைவர். அதை அமைக்க அவருக்குத் துணை நின்ற தொடக்க உறுப்பினர்களில் ஜானகியும் ஒருவர். வயசு 21. சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். படித்தவர்கள், வழக்கறிஞர்கள், வியாபாரிகள். அந்த வட்டத்துக்குள்ளே ஒரு இளம்பெண் உட்கார்ந்து பேசினார் என்றால், முகாமில் கற்ற பாடம் அங்கே கைகொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு அந்தக் கட்சியைப் பற்றி நம்ம இளைஞர்களுக்குப் பல கருத்து இருக்கும். இருக்கட்டும், அது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. நாம் பார்க்க வேண்டியது வேறு. மூன்றே ஆண்டுக்கு முன்னால் இந்திய விடுதலைக்காக உயிரையே கொடுக்கக் கிளம்பிய பெண், இப்போது மலாயா இந்தியரின் உரிமைக்காக உட்கார்ந்து வேலை செய்கிறார். 1947இல் இந்தியா விடுதலை அடைந்தது. அதற்காகப் போராடியவர் அங்கே கிளம்பிப் போகவில்லை. பிறந்த கோலாலம்பூரிலேயே இருந்து, இந்த நாட்டின் விடுதலைக்கும் பங்கு செலுத்தினார். மலாயா விடுதலைக்கு உழைத்த பெண்களின் முதல் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது.

நீ இந்தியாக்காரனா மலேசியாக்காரனா என்று யாராவது நம்மைச் சீண்டும்போது சில பேருக்குக் கோபம் வரும், சில பேருக்கு வாய் அடைக்கும். ஜானகி அம்மாவின் வாழ்க்கையே அதற்குப் பதில். முன்னோர் மண்ணை நேசித்தார். பிறந்த மண்ணுக்கு உழைத்தார். இரண்டுக்கும் நடுவே சண்டை வரவில்லை.

மனைவி, மேலவை உறுப்பினர், மூதாட்டி

ஆதி நாகப்பனை அவர் மணந்தார். டான் ஸ்ரீ ஆதி நாகப்பன் தமிழ் இதழியலிலிருந்து சட்டத்துக்கும் அரசியலுக்கும் போய், மேலவை உறுப்பினராகவும் பிறகு அமைச்சராகவும் இருந்தவர். மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களைப் பற்றி 1960களில் விசாரித்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் போகிறவர்கள் ஆதி நாகப்பன் பெயரில் ஒரு சாலை இருப்பதைப் பார்த்திருக்கலாம். அடுத்த முறை அந்தப் பெயர்ப் பலகையைக் கடக்கும்போது அவர் மனைவியையும் நினைச்சுக்கோங்க.

1976இல் ஆதி நாகப்பன் காலமானார். ஜானகிக்கு அப்போது 51 வயசு. நம்ம சமூகத்தில் அந்த வயசில் கணவரை இழந்த பெண்ணுக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது, சபையில் நிற்கக்கூடாது. இன்றைக்கும் சில வீடுகளில் இருக்கிறது. ஜானகி அம்மா அதற்குப் பிறகு 38 ஆண்டு வாழ்ந்தார். அமைச்சரின் மனைவி என்ற அடையாளத்தோடு அவர் கதை நிற்கவில்லை. அந்த அடையாளத்துக்கு முன்னாலேயே அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. பிற்காலத்தில் அவரும் நாடாளுமன்ற மேலவையில், டேவான் நெகாராவில், உறுப்பினராகப் பணியாற்றினார்.

2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 75 வயசில் கிடைத்த மரியாதை. தோட்டைக் கொடுத்து 57 ஆண்டு கழித்து வந்த நன்றி. வெளிநாடுகளிலிருந்து ராணிப் படையை ஆராய வந்தவர்களுக்கு, வாழ்ந்து பார்த்தவர் சொல்லும் சாட்சியாகவும் அவர் இருந்தார். வயசான காலத்தில் பழைய நாளைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் ஒரு தொண்டுதான். சொல்ல ஆள் இல்லாவிட்டால் தோட்டத்துப் பெண்களின் படை என்று ஒன்று இருந்ததே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இதே மாதிரி வாழ்ந்த இன்னொருவர் கேப்டன் லட்சுமி. போர் முடிந்ததும் கான்பூரில் மருத்துவமனை நடத்தி, ஏழைகளுக்கு முதுமை வரைக்கும் வைத்தியம் பார்த்தார். 2002இல், 87 வயசில், இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். 2012இல் 97 வயசில் மறைந்தார். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் ஜானகி அம்மாவும் நிமோனியாக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஒரே முகாமில் பழகிய இரண்டு பெண்கள், ஒருவர் கான்பூரில், ஒருவர் கோலாலம்பூரில். இரண்டு பேருமே அந்த முகாமைப் பழைய படமாகச் சுவரில் மாட்டி வைத்துவிட்டு ஓய்வெடுக்கவில்லை.

அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 2015 நவம்பரில், பிரிக்ஃபீல்ட்ஸில் தோரண வாயில் திறக்கப்பட்டது. கோலாலம்பூரின் இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு நேதாஜியின் பெயரும் சூட்டப்பட்டது. அந்த இரண்டையும் காண அவர் இல்லை.

நமக்கு இதில் என்ன?

தம்பி தங்கைகளே, நம்ம இயக்கங்களில் நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. தைப்பூசம் வந்தால் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலுக்கு ஐம்பது பேர் வருவார்கள். சட்டை அடிப்போம், படம் எடுப்போம், உற்சாகம் பொங்கும். அடுத்த மாதம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்றால் ஐந்து பேர். அதற்கடுத்த மாதம் இரண்டு பேர். உணர்ச்சி வசப்பட்டு ஒரு நாள் கொடுப்பது நமக்கெல்லாம் நன்றாக வரும். தோட்டைக் கழற்றும் நாளில் நாம் எல்லாரும் வீரர்கள்தான்.

ஜானகி அம்மாவின் வாழ்க்கை கேட்பது மறுநாளைப் பற்றி. கூட்டம் கலைந்த பிறகு என்ன செய்தாய்? நம்பிய தலைவர் போன பிறகு, எடுத்த காரியம் தோற்ற பிறகு, வீட்டில் துக்கம் விழுந்த பிறகு என்ன செய்தாய்? அவருக்கு இந்த நான்கும் நடந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த வேலை எது என்று பார்த்து, அதில் கையை வைத்தார். படை இல்லையா, மருத்துவக் குழு. அந்தப் பணிக்குப் பின் அரசியல் அமைப்பு. அதற்கும் பின் மேலவை. கடைசிக் காலத்தில், நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகும் வேலை. நம்ம சமயப் பெரியவர்கள் தொண்டு என்று சொன்னது இதைத்தான். பலன் கைக்கு வந்ததா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் செய்துகொண்டே போவது.

இன்னொரு வேலையும் நமக்கு இருக்கிறது, அதுக்கு நேரம் ரொம்பக் குறைவு. ராணிப் படையில் இருந்த தோட்டத்துப் பெண்களில் பெரும்பாலோருக்கு விருது வரவில்லை, சாலைக்குப் பெயர் வைக்கப்படவில்லை. போர் முடிந்ததும் லயத்துக்குத் திரும்பி, மறுபடியும் பால்வாளி தூக்கினார்கள். பிள்ளை பெற்றார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் உங்க பூட்டியாகவே இருக்கலாம். ஒரு பழைய படம், ஒரு பட்டயம், ஒரு பெயர் வீட்டுப் பெட்டிக்குள்ளே கிடக்கலாம். ஜப்பான்காரன் காலத்தைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்த பாட்டிமார்கள் காப்பாரிலும் பந்திங்கிலும் கிள்ளானிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவங்க பக்கத்தில் போய் உட்காருங்க. சாப்டீங்களா பாட்டி என்று தொடங்கி, ஒரு மணி நேரம் கேட்டுப் பதிவு பண்ணுங்க. ஊர், தோட்டம், ஆண்டு, பெயர் எல்லாம் தெளிவாக எழுதி வைங்க. அடுத்த மாதமும் போங்க.